மூன்றாம் மாடியிலிருந்து ஒரு புகார்

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்த பதினோரு நிமிடமும்
சுண்ணாம்பு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு
ஆட்டோவில் உட்கார்ந்திருந்தோம், ஏகவல்லியும் நானும்.
ஒரு சரக்கு வண்டி போனது. இன்னொன்று போனது.
"வெயிலுக்கு மட்டும் கேட்டே இல்ல பாரு" என்றாள்.

மீன்தொட்டிக்கு வாங்கிய தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தது.
மீன்கள் போய்ப் பல மாதம்.
ஷீட்டுக்கு ஒரு முழம் கீழே ஆணியில் மாட்டினேன்.
மதியம் இரண்டரைக்கு நாற்பத்துமூன்று.
ராத்திரி முழுக்கத் துறைமுகத்தில்
கண்டெய்னர் நம்பர் எழுதிவிட்டு வந்த தயாளன்
அதற்கு நேர்கீழே, ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு
தூங்குகிறவன் மாதிரி படுத்திருந்தான்.
துண்டு காய்ந்ததும் எழுந்துபோய் நனைத்துவந்து
மறுபடியும், தூங்குகிறவன் மாதிரி.

வீட்டுக்கு நூற்றிருபது ரூபாய்,
சீட்டு நோட்டின் பின்பக்கத்தில் கணக்கு.
முதல் கூட்டத்தில் சிரிப்புதான் வசூலானது:
"பொங்கலுக்கே வெள்ள அடிக்கல,
சித்திரைக்கு அடிக்கப் போறீங்களா?"
கேபிள் இழுக்கும் நாகூர்மீரான் சிரிக்கவில்லை.
எந்த ஷீட்டில் எங்கே கால் வைக்கலாமென்று
தெருவில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.
"போல்ட் வரிசையில மிதி.
நடுவுல மிதிச்சா நேரா சோத்துப் பானைதான்."

விடிகாலை ஐந்துக்கு ஏறினோம்.
நேற்றைய வெயில் இன்னும் ஷீட்டின் மேல் படுத்திருந்தது.
ஒற்றைச் செருப்பு, மாஞ்சா சுற்றிய டப்பா,
எந்தப் பையனோ அழுது தேடிய பந்து,
எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிவிட்டு
உப்பும் பசையும் கலந்த சுண்ணாம்பைத்
துடைப்பத்தால் இழுத்தோம்.
விரலிடுக்கு வெந்துபோனது.
மூன்று நாளில் முப்பத்தொரு வீட்டில் இருபத்திரண்டு.

நாலாம் நாள் புகார் வந்தது.
எதிரே ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி, டெய்சிராணி:
"உங்க வெள்ள என் கண்ணக் குத்துது.
மத்தியானம் ஊசி கோக்க முடியல."

சண்டைக்குத் தயாராகத்தான் படியேறினோம்.
ஏகவல்லி கொண்டையை இரண்டுமுறை இறுக்கிக்கொண்டாள்.
டெய்சிராணி எதுவும் பேசாமல்
தையல் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தாள்.

அன்றைக்குத்தான் பார்த்தேன் எங்கள் கூரையை.
கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதன் அடியில் இருக்கிறேன்,
முழுசாக மேலிருந்து பார்த்ததில்லை.
வெள்ளை வெள்ளையாக இருபத்திரண்டு,
நடுநடுவே பல் விழுந்த இடம்போல ஒன்பது.
என் வீடு எதுவென்று கண்டுபிடிக்கவே நேரமானது.
கண் கூசியது. அவள் சொன்னது நிஜம்.
நாங்கள் துரத்திய வெயில் எங்கேயும் போய்விடவில்லை,
அதில் கொஞ்சம் இங்கே வந்து
இவள் மெஷின்மேல் உட்கார்ந்திருந்தது.

ஏகவல்லிக்கு வாயடைத்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

அரிசி மண்டியிலிருந்து கோணி வந்தது.
ஜன்னலுக்கு வெளியே கம்பி கட்டினார் மீரான்.
படுதாவைத் தைத்தது டெய்சிராணியேதான்.
கூலி கொடுத்தோம்; எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

ஒன்பது வீட்டில் இரண்டு, பிறகு தானாகச் சேர்ந்தன.
மற்ற ஏழுக்கும் சொந்தக்காரர் ஒருவரே, பெரம்பூரில் இருக்கிறார்.
வெள்ளையடித்தால் வாடகைக்காரன் நிலைத்துவிடுவானாம்.
அவரிடம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்.

தெர்மாமீட்டர் முப்பத்தொன்பது காட்டுகிறது.
நாலு டிகிரி பெரிதா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும்.
ஈரத்துண்டு நேற்று கொடியிலேயே தொங்கியது,
யாரும் எடுக்கவில்லை.

உச்சிவேளையில் கோணியை விலக்கி
டெய்சிராணி மேலிருந்து கத்துகிறாள்:
"ஏகவல்லி, உன் கெழக்கு மூலையில சுண்ணாம்பு உரிஞ்சிருக்கு!"
கொஞ்சம் பொறுத்து, மறுபடியும்:
"தயாளன் வூட்டு மேல காக்கா ஒண்ணு
ரெண்டு காலையும் ஊனி நிக்குதுடீ!
மாத்தி மாத்தித் தூக்கல!"